சாக்குமூட்டையில் வந்த கடல்

போன மாதம் எங்கள் பழைய தீவன ஆலையில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள் என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். கிண்ணத்தில் தீவனத்தைக் கொட்டி மூடினால், கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் புரதம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று திரையில் வந்து நிற்கிறது. நல்ல கருவிதான். அதற்கு மூக்கு கிடையாது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அதே வேலையை ஓய்வு பெறும்வரை மூக்கால் செய்தவள் நான். அங்கிருந்த புதுப் பிள்ளைகள், "மிசினு இல்லாத காலத்துல என்னத்தக்கா பாத்துட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். சிரித்தார்கள். நாமக்கல்லில் நின்றுகொண்டு கடலைப் பார்த்தேன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கோழி முட்டையிட வேண்டுமானால் தீவனத்தில் புரதம் வேண்டும். இப்போது அதைச் சோயா பார்த்துக்கொள்கிறது. அப்போது பார்த்துக்கொண்டது கருவாடு. மனிதர்கள் வாங்கித் தின்னாத பொடிமீன், வலையில் வேண்டாமல் வந்து விழுந்தது, சந்தையில் விலை போகாதது எல்லாம் மணலில் காய்ந்து, சாக்கில் ஏறி, லாரியில் எங்கள் ஊருக்கு வரும். அலை மட்டும்தான் வராது. மற்றபடி கடலில் உள்ளதெல்லாம் வந்துவிடும்.

நான் பிறந்தது ராசிபுரத்தில், தறி ஓட்டும் குடும்பம். எங்கள் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. சேலத்தில் அஸ்தம்பட்டி சித்தி வீட்டில் தங்கி வேதியியல் படித்துவிட்டு, ஆலையின் சோதனைக்கூடத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். ஆலையின் தலைமைக் கால்நடை மருத்துவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கைப்பிடி கருவாட்டை ஒவ்வொருவர் மூக்குக்கும் கீழே நீட்டினார். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பெரியவர் நீட்டுகிறாரே, முகத்தைத் திருப்பினால் மரியாதையாக இருக்காதே என்று நான் அப்படியே நின்றேன். வேலை கிடைத்துவிட்டது. அம்மா வெளிக்குழாயடியில் எனக்கென்று தனி சோப்பு வாங்கி வைத்தாள். அதைத் தேய்த்துக் குளிக்காமல் வாசற்படி ஏற விடமாட்டாள். சாயங்கால பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "உன்கூட வந்தா கால நீட்டி உக்காந்துட்டு வரலாம்" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபாபதி டாக்டர், கால்நடை மருத்துவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். முதலாளியையும் சாமி என்பார், மூட்டை தூக்குகிறவரையும் சாமி என்பார், கோழியையும் சாமி என்பார். எங்களையெல்லாம் வாஞ்சையாக நீ என்றுதான் பேசுவார். "நீங்க" என்று ஆரம்பித்தாரானால் நாம் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். "நீங்க ரொம்ப நல்லாப் பாத்திருக்கீங்க" என்று ஒரு நாள் சொன்னார். நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அவருடைய சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. மூக்கு, விரல், தண்ணீர், நெருப்பு, கடைசியில்தான் கண். முதலில் குத்தூசியைச் சாக்கின் நடுவிலும் மூலையிலும் அடியிலும் செருகி மாதிரி எடுக்க வேண்டும். மேலே நல்ல மீனும் அடியில் மணலும் இருப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். முகர்ந்தால் மூக்கின் மேல்தண்டில் சுருக்கென்று ஏறுகிறதா, அது அழுகின பிறகு காய்ந்தது. விரலால் ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் உட்காரும். பிறகு சாம்பலாக எரித்து, அமிலத்தில் கரைத்து, கரையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்தபிறகுதான் வெள்ளைத் தட்டில் பரப்பி என்ன மீன், எத்தனை வகை என்று கண்ணால் பிரிக்கலாம். "கண்ணு அவசரக்காரன் சாமி. முன்னாடியே உட்டா, பாக்கறதுக்கு முந்தியே பேரு வெச்சுரும்" என்பார்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் படிதான். நெத்திலி, காரல், கூனி இறால் என்று பிரித்துக்கொண்டே போனால் நடுவில் ஏதாவது விநோதம் வந்து விழும். காரல் மீன் உயிரோடு இருக்கும்போது தொண்டைக்குள் மின்மினிபோல வெளிச்சம் வைத்திருக்குமாம். வெளிச்சம் அதனுடையதுகூட இல்லை, உள்ளே குடியிருக்கும் கிருமிகளுடையது. கத்தாழை மீனின் மண்டைக்குள் வெள்ளைக் கூழாங்கல் போல இரண்டு காதுக்கல் இருக்கும். அதை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாக வயது தெரியும். ஒருமுறை "கடல் நுரை ஒரு மூட்டை வருது" என்றார்கள். நுரையை எப்படி மூட்டை கட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டே வாளியோடு போய் நின்றேன். வந்தது கணவாயின் முதுகு ஓடு. அதற்குப் பெயரே கடல் நுரையாம். முட்டை ஓடு கெட்டிப்பட அரைத்துப் போடுவது. வாளியை ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டவர்களிடம் தரையைக் கழுவத்தான் என்று சொல்லிவிட்டேன்.

சாக்கு உதறும் மாராயிக்கு இந்தக் கதைகள் உயிர். நாக்குமீனைக் காட்டி, பிறக்கும்போது இரண்டு பக்கமும் கண் இருக்கும், வளர வளர ஒரு கண் நகர்ந்து அடுத்த பக்கத்துக்குக் குடிபோய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடக்கும் என்று சொன்னேன். "எங்க மாமனாரும் அப்பிடித்தானுங்கக்கா" என்றாள். கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் சுமந்து குட்டி போடும் என்றதும் சாக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

"அந்தக் கடலு எந்தப் பக்கமுங்க இருக்குது?"

"எதுக்குடி?"

"எங்கூட்டுக்காரனக் கொண்டுபோயி ஒரு வாரம் ஊறப் போட்டுட்டு வாரேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வேலையில், ஒரே ஒரு நாளை மட்டும் இன்றைக்கும் என்னால் முழுசாகச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. பாதிவரை சிரிக்கலாம்.

மல்லசமுத்திரம் பக்கம் சரோஜா என்று ஒரு பெண், எங்கள் ஆலையில் கருவாட்டை மூட்டையாக வாங்கிப்போய்த் தன் பண்ணையில் தானே அரைத்துக் கலந்துகொள்வாள். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போய்விடுவார். பண்ணை முழுக்க அவள் கைதான். அந்தக் கோழிக் கொட்டகையின், அந்த செட்டின் மேல் அவள் கொழுந்தனார் குமரேசனுக்கு ஒரு கண். அவரிடம் போர் போடும் ரிக் வண்டி இருந்தது, நிறுத்த நிழல் இல்லை. ஒரு ஈடு கோழி வளர்த்துப் பார்க்கட்டும், தேறாவிட்டால் செட்டு ரிக்குக்கு என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அந்த முதல் ஈடு முட்டைக்கு வந்து, நன்றாக இட்டுக்கொண்டிருந்த நேரம்.

ஒரு மத்தியானம் சரோஜாவிடமிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டன, சில செத்தும்விட்டன. வெள்ளைக்கழிச்சல் என்று ஊரே சொல்கிறது, பரவுவதற்குள் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுத் தள்ளிவிடச் சொல்கிறார்கள். டாக்டர் என்னையும் கூட வரச் சொன்னார். ஜீப்பை ஓட்டியது எங்கள் குடோன் மேஸ்திரி ரங்கசாமி. அவரைப் பற்றி ஒரு வரி போதும்: ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவர் கோயிலுக்குப் போய் நிற்பார்.

நாங்கள் போனபோது கோழி வியாபாரியின் வண்டி காலிக் கூண்டுகளோடு வாசலிலேயே நின்றது. குமரேசன்தான் வரவழைத்திருந்தார்.

"இன்னிக்கே தள்ளிட்டா ஏதோ தேறுமுங்க. நாளைக்குச் செத்ததுக்கு ஆருங்க காசு குடுப்பா?" என்றார்.

டாக்டர், "குடுக்கறது இருக்கட்டுங்க. இத ஆரு ஊட்டுக் கொழம்புல போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சரோஜாவுக்கு அழுது முடித்த முகம். முந்தானையால் கூண்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

டாக்டர் ஒரு கோழியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கழுத்து துணிபோலத் துவண்டு அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இமையைத் தொட்டார், எச்சத்தைப் பார்த்தார், மூச்சுக்குக் காதை வைத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழிச்சல்னா கண்ணு செருகிக் கெடக்கோணும். இது நம்மளயே பாக்குது சாமி. எல்லாந் தெரியுது, ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது."

விழுந்தவை எல்லாம் முன்வரிசைக் கூண்டுகளில் இருந்தவை. பின்வரிசைகள் அப்போதும் கொக்கரித்துக்கொண்டிருந்தன. சரோஜாவிடம் கேட்டேன். காலையில் புதுச் சாக்கு அரைத்ததை முன்வரிசைக்குத்தான் போட்டாளாம், பின்னால் பழைய கலவையே இருந்ததாம். நான் தீவனத்தொட்டியைத் துழாவினேன். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நகம் அளவு, வெள்ளையாக, வளைந்து, கிளி மூக்குபோல. வாய்வரை ஒரு பேர் வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் தீவனத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். குட்டிக் குட்டி முள் முளைத்த தோல் துணுக்குகள் துணியில் நின்றன. மறுபடி அந்த மூக்கைப் பார்த்தேன். பல் நாலும் ஒட்டிப்போய் அலகாகிவிட்ட மீன் ஒன்று உண்டு. ஆபத்து என்றால் தண்ணீரை விழுங்கிப் பந்துபோல உப்பிக்கொள்ளும். உடம்புக்குள் விஷம், நரம்பைக் கட்டிப்போடுகிற விஷம். அதையும் அந்த மீன் தானாகச் செய்வதில்லை, கிருமிகளிடமிருந்து வருவதுதான் என்கிறார்கள். புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் சாக்குகளில் வந்ததே இல்லை, கரையிலேயே பொறுக்கிப் போட்டுவிடுவார்கள்.

"சந்தேகந்தான்" என்றார் டாக்டர். "ஒரு மூக்க வெச்சுட்டு வண்டியத் திருப்பி அனுப்ப முடியாது. எங்கிருந்து வந்த சாக்கு இது?"

சாக்கு அங்கேயே கிடந்தது. வாயில் பச்சைக் கயிறு. மற்ற சாக்குகளில் வெள்ளைக் கயிறு. நான் அங்கிருந்தபடியே தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். எங்களுக்குக் கருவாடு அனுப்பும் மிக்கேல் அண்ணாச்சி எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணாச்சி, இந்த லோடுல பச்சைக் கயிறு போட்ட சாக்கு என்னங்க?"

"அதான் மேஸ்திரிட்ட அன்னைக்கே சொன்னம்லா தாயி. பச்சைக் கயிறு கெட்டுன சாக்குல பேத்தை கெடக்கு, பாத்துக்கிடுங்கன்னு. பொறுக்க ஆளில்ல, லாரி நிக்கி, தனியா எடுத்துருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

நாங்கள் எல்லோரும் திரும்பி ரங்கசாமியைப் பார்த்தோம்.

"பேத்தையா?" என்றார். "பேத்தி இல்லீங்களா?"

இங்கேதான் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மீனுக்குக் கடற்கரையில் பேத்தை என்று பெயர். எங்கள் பக்கம் அந்தச் சொல்லையே யாரும் கேட்டதில்லை. அதோடு, சின்னப் பெண்பிள்ளைகளை நாங்கள் அது, இது என்றுதான் செல்லமாகச் சொல்வோம். புள்ள வருது, புள்ள தூங்குது, காய்ச்சலில் கெடக்குது. அரவை ஓடுகிற சத்தத்தில் ரங்கசாமி கேட்டது, அண்ணாச்சியின் பேத்தி கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கு நடந்த பேச்சை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லி, அந்த செட்டிலேயே நாங்கள் ஒட்டுப்போட்டு எடுத்தோம்.

"பேத்த கெடக்கு, பாத்துக்கிடுங்க."

"அட சாமி. வயிறு எப்பிடீங்க இருக்குது?"

"வயிறு ஊதித்தான் கெடக்கு. அதுக்கு வழக்கமே அதான?"

"மத்த புள்ளைங்களோட சேக்காதீங்க."

"அதைத்தானே நானும் சொல்லுதேன். தனியாத்தான் வைக்கணும். அடையாளத்துக்குப் பச்சைக் கயிறு கெட்டிருக்கேன்."

"கயிறு கட்டுனது ரொம்ப நல்லதுங்க. நானும் நம்ம கோயில்ல ஒண்ணு மந்திரிச்சு அனுப்பறனுங்க."

"ஆகாதுன்னா குழி தோண்டிப் பொதைச்சிருங்க."

"அந்த மாரி வாயில சொல்லாதீங்கண்ணா. சாமி இருக்குது."

ரங்கசாமி சொன்னபடி கயிறும் திருநீறும் தபாலில் அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சிக்குக் கிடைத்தும் இருக்கிறது. "பேத்தைக்குக்கூடச் சாமி கும்பிடுத ஊரு போலன்னு நெனைச்சேன் தாயி. எனக்கு எதுக்கு வம்புன்னு தராசுல கெட்டி வச்சிருக்கேன்" என்றது ஸ்பீக்கர்.

வியாபாரியின் ஆள்தான் முதலில் சிரித்தான். பிறகு குமரேசன். எனக்கும் அடக்க முடியவில்லை, அந்த இடத்தில் சிரித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. சரோஜா சிரிக்கவில்லை. அவள் டாக்டர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப நோவு இல்லீங்களா?"

"நோவு இல்ல சாமி. தீவனத்துல வந்த விசம். பின்வரிசைக்குப் போகாது."

"விழுந்தது எந்திரிக்குமுங்களா?"

"மூச்சு நிக்காம இருந்தா எந்திரிக்கும். எத்தன எந்திரிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாரி சொன்னா அது பொய்யி."

குமரேசன் தணிந்த குரலில், "டாக்டரே உறுதியாச் சொல்ல மாட்டேங்கறாரு. வண்டி வாசல்ல நிக்குது. யோசிச்சுக்கோங்க அண்ணி" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ரிக்குக்கு நிழல் வேண்டும், அவ்வளவுதான்.

சரோஜா எழுந்தாள். வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம், "நீங்க கெளம்புங்கண்ணா. எங்கோழி எங்கயும் வரல" என்றாள். கூண்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டு வண்டி திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலைகள். தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தோம். ஆலைக் குடோனில் மிச்சமிருந்த பச்சைக் கயிற்றுச் சாக்குகளைப் பிரித்துத் தட்டில் கொட்டினோம். காய்ந்து சுருங்கிய பேத்தைகள் அலகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அண்ணாச்சி சொன்னபடியே குழி தோண்டிப் புதைத்தோம். டாக்டர் ரங்கசாமியைக் கூப்பிட்டார். "நீங்க" என்று ஆரம்பிப்பாரோ என்று பார்த்தேன். "இனிமே போன் வந்தா அரவைய நிறுத்திட்டுப் பேசு சாமி" என்றார். அவ்வளவுதான். ரங்கசாமிக்கு அது போதவில்லை. தினமும் வேலை முடிந்ததும் மல்லசமுத்திரம் போய், துவண்டு கிடந்த கோழிகளுக்குச் சரோஜாவோடு உட்கார்ந்து அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். சில அவர் கையிலேயே செத்தன. அந்த நாட்களில் அவர் கோயில் பக்கமும் போகவில்லை என்று மாராயி சொன்னாள்.

அப்புறம் ஒரு காலை சோதனைக்கூடத்துப் போன் அடித்தது. சரோஜாவின் எண். எடுத்து, "சொல்லு சரோஜா" என்றேன். பதில் இல்லை. ஒரே இரைச்சல். லைன் கோளாறு என்று நினைத்து வைக்கப் போனவள், நின்றுவிட்டேன். தீவனம் போடும் நேரம் அது. செட்டு முழுக்கக் கோழிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கத்துகிற சத்தம். அவள் போனை முன்வரிசைக் கூண்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, கதவோரத்தில் நின்ற ரங்கசாமியைக் கையால் அழைத்து அவரிடம் கொடுத்தார்.

ரங்கசாமி போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்னங்க மேஸ்திரி, சரோஜா பேசறாளா?" என்றேன்.

"ஆரும் பேசலீங்கக்கா" என்றார். கண்ணீர் மீசைக்கு வந்துவிட்டது. "எல்லாஞ் செரியாக் கேக்குதுங்க."